முன்னுக்கு விட்ட இடம்

பெற்றிசியா நாற்பது வயதுவரைக்கும் பயணம் போனதெல்லாம் பின்னாலிருந்துதான். சொந்த ஊரான கீரிக் கடற்கரையை விட்டுச் சண்டைக்குப் பயந்து ஓடியபோது உழவு இயந்திரத்தின் பெட்டியில். முகாமிலிருந்து திரும்பியபோது லொறியின் பின்தட்டில், பாய்ச் சுருளுக்கும் கோழிக்கூட்டுக்கும் நடுவில். கல்யாணம் முடித்த பிறகு கணவன் வின்சன்ற்றின் சைக்கிள் கரியரில். எங்கே போவது என்பதை முன்னால் இருப்பவன் தீர்மானித்தான். எங்கேயிருந்து வந்தோம் என்பதை மட்டும் அவள் பார்த்துக்கொண்டு வந்தாள்.

சண்டை முடிந்து கொஞ்சக் காலத்தில் ஊர் மாதர் சங்கத்துக்கு ஒரு பழைய வான் கிடைத்தது. கிளினிக் நாளில் பிள்ளைத்தாய்ச்சிகளை ஏற்ற, காய்ச்சல்காரப் பிள்ளைகளை மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, செத்த வீட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் ஓட. வான் வந்துவிட்டது, ஓட ஆள் இல்லை. வான் தேவைப்படுகிற நேரத்தில் ஊர் ஆம்பிளைகள் கடலில் இருப்பார்கள், இல்லாவிட்டால் கடலால் வந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள். தூக்கம் முறியாதவன் கையில் வானைக் கொடுக்கக் கூடாது. இது சட்டமில்லை, புத்தி. சங்கக் கூட்டத்தில் இந்தக் கேள்வி எழும்பியதும் பெண்கள் எல்லாரும் தங்கள் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நான் ஓடுறன்,” என்றாள் பெற்றிசியா.

அன்னப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தாள். கோயிலில் செபமாலைக்குத் தலைமை தாங்குகிறவள் அவள்தான். அந்த வாய்க்கு ஊரில் பாதருக்கும் கொஞ்சம் பயம். “உனக்குச் சைக்கிளே ஓடத் தெரியாது, பிள்ளை!”

“அதுதான் அக்கா நல்லது. கெட்ட பழக்கம் ஒண்டும் இல்லை.”

சிரிப்புக்குள் எடுத்த தீர்மானம்தான். ஆனால் தீர்மானம் தீர்மானம்தான்.

பழக்கினவன் உப்புக்குளத்துச் சனூன். அவளைவிட நல்ல இளையவன், மெலிந்த ஆள், பக்கத்து சீற்றில் இருந்துகொண்டு எப்போதும் கச்சான் கடலை கொறிப்பான். தாராபுரம் றோட்டில் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தபோது அவன் கொறிப்பதை நிறுத்தினான்.

“அக்கா, பஸ்ஸில என்ன எழுதியிருக்கு?”

அவள் வாசித்துச் சொன்னாள்.

“வாசிக்க ஏலுமெண்டா கிட்ட நிக்கிறியள் எண்டு அர்த்தம். காலை எடுங்கோ. இன்னும். இன்னும். அந்தா ஒரு லைற் போஸ்ற் தெரியுது. பஸ் அதைத் தாண்டேக்க எண்ணத் தொடங்குங்கோ. நீங்கள் அந்தப் போஸ்ற்றுக்குப் போறதுக்குள்ள மூண்டு முடிஞ்சிருக்கவேணும்.”

பெற்றிசியா எண்ணினாள். ஒண்டுரெண்டுமூண்டு.

“இது எண்ணினது இல்லை, ஓடினது,” என்றான் சனூன். “பயந்தா எல்லாரும் அப்பிடித்தான். அவசரப்படுத்த ஏலாத ஒண்டைச் சொல்லுங்கோ. நான் பிஸ்மில்லாவை முழுசா ஓதுவன்.”

அவள் யோசித்தாள். “அருள் நிறைந்த மரியே சொல்லலாமோ?”

“தாராளமா. எவ்வளவு நீளம்?”

சொல்லிக் காட்டினாள். அவன் தலையைச் சரித்துக் கேட்டான். “முதல் வரி காணும், மூண்டுக்குச் சரி. மழையெண்டா செபத்தில பாதி.”

“பின்னால ஒருத்தன் முதுகில ஏறிக்கொண்டு வந்தா?”

“வழி விடுங்கோ, போகட்டும். போகமாட்டான் எண்டா, அவனுக்கும் சேர்த்துச் சொல்லுங்கோ.” சனூன் சிரிக்கவில்லை. “அவன் விடாத இடத்தையும் நீங்கள்தான் முன்னுக்கு வைச்சிருக்கவேணும். நீங்கள் பொத்தெண்டு நிண்டா அவன் உங்களுக்குள்ள வருவான். உங்களுக்கு முன்னால இடமிருந்தா, உருண்டு உருண்டு நிக்கலாம். அவனுக்கும் நிக்க நேரம் கிடைக்கும்.”

வீட்டில் இதை அவள் வின்சன்ற்றுக்குச் சொன்னபோது அவன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே கேட்டான்: “இதுக்கோ காசு குடுத்துப் பழகிறாய்? வள்ளத்துக்கு எங்கையடி பிறேக்? கரைக்கு எவ்வளவு தூரத்தில இஞ்சினை நிப்பாட்டிறம்? மணலில ஏறினாப் பிறகோ யோசிக்கிறம்?”

அவளுக்கு அது நன்றாகப் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து சிவப்பு லைற் தெரிகிற இடத்தில் இல்லை, தெரியப் போகிற இடத்தில் காலை எடுத்தாள். முன்னால் போகிற வாகனத்தை மட்டும் பார்க்கவில்லை, அதற்கு முன்னால் என்ன நடக்கிறது என்று பார்த்தாள். மன்னாரில் இதற்கு நல்ல பயிற்சி உண்டு. கழுதைகள் மதில் ஓரம் நித்திரை கொள்வதுபோல நிற்கும். ஒன்று றோட்டைக் கடந்தால் கொஞ்சம் பொறுத்து மற்றது கடக்கும். முதலாவது கழுதைக்குப் பிறேக் போட்டவன் தப்பிவிட்டேன் என்று காலை எடுப்பான். இரண்டாவது கழுதைதான் ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்.

அவள் வான் ஓடுவதைப் பார்த்து ஊர் முதலில் முணுமுணுத்தது, பிறகு பழகிவிட்டது. ஒரு ஆளைத்தவிர. அந்த ஆள் அவளுடைய தங்கையின் புருசன் அமிர்தநாயகம்.

தங்கை றோஸ்மேரிக்கு அந்த வருசம் வயிற்றில் பிள்ளை தங்கியிருந்தது. ஏழாம் மாதம். ஊரில் எவரும் அதைச் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சொன்னால் கண்பட்டுவிடும் என்று மட்டுமில்லை, முதல் பிள்ளைக்கு நடந்தது எல்லாருக்கும் தெரியும்.

சண்டைக் காலத்தில் அமிர்தநாயகம் சாமான் லொறி ஓடினான். தனியாக ஓட முடியாது. வாகனங்களை வரிசையாக்கி, முன்னுக்கும் பின்னுக்கும் ஆமி வண்டி போக, கொன்வோயாகத்தான் விடுவார்கள். றோஸ்மேரிக்குப் பேறுகாலக் குத்து எழும்பிய நாளில் அவளை லொறியின் முன் சீற்றில் இருத்திக்கொண்டு அவன் அந்த வரிசையில் போனான். வழியில் றேடியேற்றர் கொதித்தது. வேகம் குறைந்தது. அவனுக்கு முன்னால் ஒரு பனை படுக்கிற அளவுக்கு இடைவெளி விழுந்தது. சோதனைச்சாவடியில் நின்றவன் சரியாக அந்த இடைவெளியில் தடியைப் போட்டான். முன்னால் போனவர்கள் போய்விட்டார்கள். பின்னால் நின்றவர்கள் அடுத்த வரிசைவரைக்கும் வெயிலில் நின்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது தாய் இருந்தாள், பிள்ளை இல்லை.

அதற்குப் பிறகு அமிர்தநாயகம் முன்னால் போகிற வாகனத்துக்கும் தன் லொறிக்கும் நடுவில் ஒரு ஆள் நுழையக்கூட இடம் விட்டதில்லை. குழி றோட்டில் மாடு நடக்கிற வேகத்தில் ஊர்ந்த காலத்தில் அது பெரிய ஆபத்தில்லை. சண்டை முடிந்தது, குழி போனது, காப்பெற் றோட்டு வந்தது, வேகம் வந்தது. பழக்கம் மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. இந்தப் பக்கத்து றைவர்மாரில் பாதிப்பேருக்கு இதே நோய். கொன்வோய் போய்விட்டது என்று கால்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஆவணித் திருநாளுக்கு ஊர் முழுக்க மடு மாதா கோயிலுக்குப் புறப்பட்டது. போய்க் கூடாரம் அடித்து, திருநாள் முடியும்வரை அங்கேயே சமைத்துச் சாப்பிட்டு இருப்பது வழக்கம். றோஸ்மேரிக்கு நேர்த்தி இருந்தது. பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே மாதாவின் முன்னால் போய் நிற்க வேண்டும். போக வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

முன்னால் போவது யாகப்பரின் கன்ரர் லொறி. அதில் சிறிய மாதா சுரூபமும் கொடியும். யாகப்பரின் மகள்மார் விடிய எழும்பி நீலமும் வெள்ளையுமாகக் கடதாசிப் பூச் செய்து லொறியைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். பெற்றிசியா பின்பக்கம் போய்ப் பார்த்தாள்.

“யாகப்பர் அண்ணை, பின் லைற் ரெண்டும் பூவுக்குள்ள மறைஞ்சு போட்டுது. நீங்கள் பிறேக் பிடிச்சா எனக்குத் தெரியாது.”

“மாதாவுக்குக் கட்டின பூவைக் கழட்டச் சொல்லிறியோ?” யாகப்பர் கொடித்தடியைக் கட்டிக்கொண்டே கேட்டார். “நான் பிறேக் பிடிக்கமாட்டன் பிள்ளை. நீ பயப்பிடாமல் வா.”

எல்லாரும் சிரித்தார்கள். அவள் அந்தப் பூவை இரண்டு கையாலும் பிடுங்கி எறிந்திருக்க வேண்டும். செய்யவில்லை. புது றைவர்மார் செய்கிற பெரிய பிழை இதுதான், தெரிந்ததைச் சொல்லிவிட்டு, சிரித்தவுடன் பின்வாங்குவது.

இரண்டாவது அவளுடைய வான். மூன்றாவது அமிர்தநாயகத்தின் லொறி. அதில் கூடாரத்துக்கான தடிகள், சமையல் கிடாரங்கள், தண்ணீர் நிரப்பிய பரல். தடிகள் லொறியைவிட நீளம். கபினுக்கு மேலால் முன்பக்கம் நீட்டிக்கொண்டு நின்றன. நுனியில் ஒரு சிவப்புத் துணி.

றோஸ்மேரி வானின் கடைசி சீற்றில் ஏறினாள். காலை நீட்ட இடம் அங்கேதான் இருந்தது. கண்ணாடியில் முதுகு சாய்த்துக்கொண்டாள்.

“முன்னுக்கு வாவன்,” என்றாள் பெற்றிசியா.

“முன்னுக்கு எண்டா எனக்கு வயித்தைப் பிரட்டிச் சத்தி வரும் அக்கா. இஞ்ச சுகமாயிருக்கு.”

தீவையும் கரையையும் இணைக்கிற மன்னார்த் தாம்போதியில் ஏறியதும் சோளகக் காற்று பக்கவாட்டில் அறைந்தது. வான் ஒரு பக்கம் தள்ளுப்பட்டது. பெற்றிசியா வேகத்தைக் குறைத்து, கன்ரரை முன்னால் போக விட்டாள். இரண்டு பக்கமும் கடல். ஒதுங்க இடமில்லை. கண்ணாடியைப் பார்த்தாள்.

கண்ணாடி முழுக்க லொறியாக இருந்தது. லொறியின் கீழ்ப்பாதி தெரியவில்லை, பெயர்த்தகடு தெரியவில்லை. தெரிந்தது தங்கையின் பின்னலும், அதற்குப் பின்னால் அமிர்தநாயகத்தின் முகமும், அந்த முகத்துக்கு மேலே தடிகளின் நுனிகளும்தான். சிவப்புத் துணி காற்றில் படபடத்தது.

பிறேக்கை மெல்லத் தொட்டாள், விட்டாள், தொட்டாள், விட்டாள். சனூன் சொல்லிக்கொடுத்த வேலை. நிற்பதற்கு இல்லை, பின்லைற்றைச் சிமிட்டி எச்சரிக்க. அமிர்தநாயகம் பதிலுக்கு நீளமாக ஹோர்ன் அடித்தான். தள்ளி வரவில்லை.

“ஏன்டி மாட்டு வண்டில் மாதிரிப் போறாய்?” அன்னப்பிள்ளை பின்னாலிருந்து கத்தினாள். “யாகப்பர் கண்ணுக்கும் தெரியேல்லை. திருநாள் முடிஞ்சாப் பிறகோ போய்ச் சேரப் போறம்?”

“செபத்தைச் சொல்லுங்கோ அக்கா. றோட்டை நான் பாக்கிறன்.”

கரை தொட்டதும் அவள் இடப்பக்கம் சிக்னல் போட்டு ஓரங்கட்டினாள், கையை வெளியே நீட்டி முன்னால் போகச் சொல்லிக் காட்டினாள். லொறியும் ஓரங்கட்டியது. அவள் எடுத்தாள். அதுவும் எடுத்தது.

உயிலங்குளத்தில் தேத்தண்ணிக்கு நிறுத்தினார்கள். பெற்றிசியா நேராக லொறிக்கு நடந்தாள். அமிர்தநாயகம் ரயருக்குக் காலால் உதைத்துக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“மச்சான், கொஞ்சம் தள்ளி வாங்கோ.”

“ஏன் மச்சாள், இடிச்சுப்போட்டனோ?”

“இடிச்சாப் பிறகு சொல்ல நான் இருக்கமாட்டன். முன்னுக்குப் போங்கோ எண்டு கை காட்டினனான். ஏன் போகேல்லை?”

“நான் ஏன் போறன்? உங்களுக்குப் பின்னால வந்தாத்தான் எனக்கு அவளின்ர தலை தெரியும்.” அவன் வானைப் பார்த்தான். றோஸ்மேரி கண்ணாடிக்குள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். “தலை தெரிஞ்சாத்தான் எனக்கு ஓட்டம் வரும்.”

இந்த ஆள் மனிசியைக் காக்கத்தான் ஒட்டிக்கொண்டு வருகிறான். அதுதான் இன்னும் பயமாக இருந்தது. வம்புக்கு ஒட்டுகிறவனை ஏசித் திருத்தலாம்.

“தலை தெரியட்டும். தூரத்தில நிண்டு பாருங்கோ. உங்கட தடி எங்க நீட்டிக்கொண்டு நிக்குது எண்டு ஒருக்கா இறங்கிப் பாத்தனிங்களோ?”

“நான் லொறி ஓடத் தொடங்கேக்க நீங்கள் கருவாடு காயப்போட்டுக்கொண்டு நிண்டனிங்கள் மச்சாள். இடம் விட்டா எவனாவது நடுவில பூந்திடுவான். வரிசை அறுந்தா என்ன நடக்கும் எண்டு உங்களுக்குத் தெரியாதோ?” அவனுடைய குரல் ஒடுங்கியது. “உங்களுக்கும் தெரியும்.”

தேத்தண்ணிக் கிளாசோடு நின்றவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். அந்தப் பேச்சு எடுபட்டால் ஊரே வாயை மூடிக்கொள்ளும். பெற்றிசியா மூடவில்லை.

“தெரியும். அண்டைக்கு உங்களை நிப்பாட்டினது இடைவெளி இல்லை மச்சான். துவக்கோட நிண்டவன். அவன் இப்ப றோட்டில இல்லை. நீங்கள்தான் இன்னும் அந்தச் சாவடியில நிக்கிறியள்.”

அமிர்தநாயகம் லொறியில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினான்.

அவள் வானுக்குத் திரும்பி வந்தாள். சொல்லிப் பார்த்தாயிற்று, வழி விட்டுப் பார்த்தாயிற்று. றோஸ்மேரியை முன் சீற்றுக்கு இழுத்தும் பார்த்தாள். வந்து இருந்தவள் வான் நகரத் தொடங்கியதுமே வாயைப் பொத்திக்கொண்டு மறுபடி பின்னுக்குப் போய்விட்டாள். இனி அவளிடம் மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்றுதான், முன்னால் கிடக்கிற றோட்டு.

முருங்கனைத் தாண்டியதும் றோட்டு வழுவழுவென்று நேராக ஓடியது. கன்ரர் பறந்தது. அன்னப்பிள்ளை செபமாலையைத் தொடங்கினாள், வான் முழுக்கச் சேர்ந்து சொன்னது. பெற்றிசியாவின் வாய் சேரவில்லை, கண் சேர்ந்தது. கன்ரர் ஒரு போஸ்ற்றைத் தாண்டும்போது பெண்கள் ஒரு மரியே தொடங்கினார்கள். அவள் அந்தப் போஸ்ற்றுக்குப் போகும்போது பாதியில் நின்றார்கள். காணாது. காலை எடுத்தாள். அடுத்த முறை முழுதும் முடிந்தது. பரவாயில்லை. தனக்கு ஒரு பங்கு. மிச்சம் பின்னால் வருகிறவனுக்கு.

ஒரு வெள்ளை வான் எல்லாரையும் முந்திக்கொண்டு வந்து அந்த இடத்துக்குள் புகுந்தது.

“பாத்தியோ! பூந்திட்டான்!” அன்னப்பிள்ளை மரியேயைப் பாதியில் விட்டுவிட்டாள். “அவன் சொன்னது சரிதானே?”

“பூரட்டும் அக்கா. அவனும் மடுவுக்குத்தான் போறான்.”

வெள்ளை வான் கன்ரரையும் முந்திப் போய்விட்டது. பெற்றிசியா மறுபடி காலை எடுத்து மறுபடி இடத்தை உண்டாக்கினாள். பின்னால் ஹோர்ன். கண்ணாடியில் பின்னல், முகம், தடி. அவளுடைய கழுத்து விறைத்துப்போயிருந்தது. கண்ணாடியைப் பார்க்காமல் விட்டால் சுகம். ஆனால் பார்க்காமல் விட்டவன் பிறேக் போடும் உரிமையை இழந்தவன். முன்னால் ஒரு பார்வை, கண்ணாடியில் ஒரு பார்வை. முன்னால், கண்ணாடி.

இடம் விட்டதில் ஒரு இலாபம் இருந்தது. கன்ரரின் முதுகை முட்டிக்கொண்டு போயிருந்தால் கடதாசிப் பூவைத்தவிர ஒன்றும் தெரிந்திருக்காது. தள்ளி நின்றபடியால் கன்ரரைச் சுற்றி றோட்டுத் தெரிந்தது. தூரத்தில் ஒரு சிறு சிலுவைக் குருசடி. அதற்கு முன்னால் தென்னோலைப் பந்தல். வெள்ளை உடுப்பில் சனம். ஒருவனின் கையில் தட்டம், அதில் ஏதோ மினுங்கியது. கிளாசுகள்.

சர்பத்.

திருநாள் காலத்தில் வழிக்கு வழி ஊர்ச் சனம் யாத்திரைக்காரருக்குச் சர்பத் கொடுக்கும். கொடுப்பது புண்ணியம், குடிப்பது மரியாதை. சுரூபம் ஏற்றிய வண்டியை மறித்துக் கொடுப்பது இன்னும் பெரிய புண்ணியம். மறித்தால் யாகப்பர் நிற்காமல் போகமாட்டார். அந்த மனுசனுக்கு எவர் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாது.

பெற்றிசியா காலை எடுத்தாள். பிறேக்கைத் தொட்டாள், விட்டாள். தொட்டாள், விட்டாள். கண்ணாடியில் முகம் மாறவில்லை. மச்சாள் வழமைபோலப் பயப்படுகிறாள் என்று நினைத்திருப்பான். ஹோர்ன் அடித்தான்.

தட்டக்காரன் றோட்டுக்குள் இறங்கிக் கையைத் தூக்கினான்.

கன்ரர் நின்றது. லைற் எரிந்ததோ இல்லையோ, பூவுக்குள் யாருக்குத் தெரியும்? நீலமும் வெள்ளையுமான அந்தச் சுவர் ஓடுவதை நிறுத்திவிட்டு, சட்டென்று பெரிதாகத் தொடங்கியது.

வலப்பக்கம் எதிரே ஒரு பஸ். இடப்பக்கம் சனம், பிள்ளைகள், தட்டங்கள். வெட்டி ஒடிக்க வழியில்லை. நேர் ஒன்றுதான்.

அவளுடைய கால் பிறேக்கில் பதிந்தது. முழுதும் அழுத்தச் சொல்லி உடம்பு கேட்டது. அழுத்தியிருந்தால் வான் நின்ற இடத்தில் நின்றிருக்கும். பின்னால் வருவது நின்றிருக்காது. கண்ணாடியைப் பார்த்தாள். லொறியின் மூக்கு குனிந்தது. அமிர்தநாயகம் இப்போதுதான் பிறேக்கில் ஏறி நிற்கிறான். ரயர் கத்தியது. ஆனால் லொறி வந்துகொண்டேயிருந்தது. பரலில் தண்ணீர், கிடாரங்கள், தடிகள், எல்லாம் சேர்ந்து தள்ளிக்கொண்டு வந்தன. தங்கையின் பின்னலுக்குப் பின்னால் சிவப்புத் துணி வளர்ந்தது.

பெற்றிசியா பிறேக்கைத் தளர்த்தினாள்.

ஒரு வாகனம் முன்னால் நிற்கிறது. அதை நோக்கி வானை உருள விடுவதற்கு எவ்வளவு நெஞ்சு வேண்டும் என்று றோட்டில் நிற்காதவர்களுக்குப் புரியாது. முன்னால் விட்டிருந்த இடத்தை அவள் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்தாள். கடதாசிப் பூக்கள் கிட்ட வந்தன. லொறி கிட்ட வந்தது. பூ இன்னும் கிட்ட. கம்பி கட்டியிருந்த முடிச்சுத் தெரிந்தது. லொறியின் ஓட்டம் தளர்ந்தது. இன்னும் கொஞ்சம் கொடு. இன்னும் ஒரு பாகம். இன்னும் ஒரு முழம். இப்போது. அவள் அழுத்தினாள்.

வான் நின்றது. ஒரு நீலக் கடதாசிப் பூ முன் கண்ணாடியை உரசியது.

பின்னால் லொறி நின்றது. தடிகள் நிற்கவில்லை. கயிறு நெகிழ்ந்து ஒரு தடி கபினுக்கு மேலால் முன்னுக்குச் சறுக்கி வந்து, நுனி தாழ்ந்து, வானின் பின் கண்ணாடியில் ‘டொக்’ என்று முட்டியது.

கண்ணாடி உடையவில்லை.

அன்னப்பிள்ளையின் கையில் செபமாலை ஆடிக்கொண்டிருந்தது. வெளியே தட்டக்காரன் ஒன்றும் விளங்காமல், “சர்பத், சர்பத் குடிச்சிட்டுப் போங்கோ,” என்றான்.

“றோஸ்மேரி,” என்றாள் பெற்றிசியா. திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை. “பிள்ளை?”

றோஸ்மேரி இரண்டு கையையும் வயிற்றில் வைத்துக் குனிந்திருந்தாள். அன்னப்பிள்ளை எழும்பி அவளிடம் போனாள்.

“பொறுங்கோ,” என்றாள் றோஸ்மேரி. பிறகு, “அசையுது. ஓம். உதைக்குது.”

அன்னப்பிள்ளை அப்படியே வானின் தரையில் குந்தி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அமிர்தநாயகம் இறங்கி வந்தான். நடந்து வந்தான் என்று சொல்ல முடியாது, லொறியைப் பிடித்துப் பிடித்து வந்தான். லொறிக்கும் வானுக்கும் நடுவில் தன் உடம்பைச் செருகப் பார்த்தான். முடியவில்லை. கை மட்டும் போனது. கையை விரித்துப் பார்த்தான். தடியின் நுனி கண்ணாடியில் தொட்டுக்கொண்டு நின்றது. அந்தப் பக்கம் றோஸ்மேரியின் முகம்.

அவள் யன்னலைத் திறந்தாள். “என்ர தலையைப் பாத்துக்கொண்டுதானே வந்தனிங்கள்?”

அவன் தலையாட்டினான்.

“அந்தத் தலையையே குத்தப் பாத்தியளே.”

யாகப்பர் கையில் பாதி குடித்த சர்பத் கிளாசோடு ஓடி வந்து, தடியைப் பார்த்தார், தன்னுடைய பூவைப் பார்த்தார். கிளாசை றோட்டோரம் வைத்துவிட்டு, பின் லைற்றின் மேலிருந்த பூக்களைப் பிய்த்து எடுக்கத் தொடங்கினார்.

பெற்றிசியா இறங்கினாள். வானைப் பிடித்துக்கொண்டாள். ஏசுவதற்கு வேண்டிய அளவு வார்த்தை இருந்தது. அமிர்தநாயகத்தின் முகத்தைப் பார்த்ததும் அதெல்லாம் வேண்டாம் என்று பட்டது. அந்த முகம் வேறொரு றோட்டில், வேறொரு வெயிலில் நின்றுகொண்டிருந்தது.

“கயிறை இறுக்குங்கோ மச்சான். தடியைப் பின்னுக்குத் தள்ளிக் கட்டுங்கோ. நாங்கள் முன்னுக்குப் போறம். நீங்கள் ஆறுதலா வாங்கோ.”

“நீங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போனா?”

“தெரியாமல்தான் போவம். மடு எங்கையும் போகாது.”

அவன் நெகிழ்ந்த கயிற்றைக் கையில் எடுத்தான். “இடையில பூருவாங்கள், மச்சாள்.”

“பூரட்டும்.”

மடுவில் கீரிச் சனம் ஒரு பாலை மரத்தின் கீழே இறங்கியது. தடி வராமல் கூடாரம் அடிக்க முடியாது. வெயில் ஏறியது. பாய்களை விரித்து, பிள்ளைகளுக்குத் தலையில் துணி போட்டு இருந்தார்கள். வாகனம் வாகனமாக வந்தது, கீரி லொறி வரவில்லை. றோஸ்மேரி மரத்தில் சாய்ந்து றோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாகப்பர் இரண்டு முறை எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

“பெற்றிசியா, ஒருக்காப் போய்ப் பாப்பமோ?” என்று கேட்டது அன்னப்பிள்ளை. காலையில் மாட்டு வண்டில் என்று கத்திய அதே வாய்.

“வருவார் அக்கா.”

கடைசியில் வந்தது. ஒரு பஸ், அதற்குப் பின்னால் இரண்டு மோட்டார் சைக்கிள், ஒரு உழவு இயந்திரம், ஒரு முச்சக்கர வண்டி, அதற்கும் பின்னால், பார்த்தால் யாருடையது என்று தெரியாத தூரத்தில், தடிகளோடு லொறி. முச்சக்கர வண்டி நின்றபோது லொறியும் நின்றது. நடுவில் ஒரு குடும்பம் பாய் விரித்துச் சாப்பிடலாம், அவ்வளவு இடம்.

“என்ன அமிர்தம், நடந்தோ வந்தனீ?” என்றார் யாகப்பர்.

அவன் இறங்கினான். முகம் முழுக்கத் தூசி. சுற்றிலும் பார்த்தான். தடுக்க ஒருவரும் நிற்கவில்லை. எல்லாரும் இருந்தார்கள். மரத்தடியில் றோஸ்மேரி இருந்தாள், கை வயிற்றில்.

“வழி நீளத்துக்கும் பூந்தாங்கள்,” என்றான் அவளிடம். “எனக்கு முன்னால எத்தினை வாகனம் எண்டே தெரியேல்லை.”

“பேந்து?”

“பேந்து என்ன? எல்லாரும் வந்து சேந்திட்டாங்கள்.” அவன் நிலத்தில் குந்தினான். “நானும் வந்திட்டன்.”

பெற்றிசியா எழும்பி லொறியின் கயிற்றை அவிழ்க்கப் போனாள். வெயில் சுட்டது. கூடாரம் அடிக்கவேண்டும்.